கோப்பைக்கு அடுத்த வருடம்

(ஆப்பிரிக்கப் பெண்பிள்ளைகளின் அறிவியல் கல்வியும் சமூகத் தொழில்முனைவும் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நைஜர் நதிக்கரையில் ஒனிச்சா என்றொரு ஊர். நைஜீரியாவின் பெரிய சந்தை ஊர்களில் ஒன்று. துணிமணி, மோட்டார் உதிரிபாகம், ஒரு காலத்தில் மலிவு விலைக் கதைப்புத்தகம் என்று அங்கே விற்காத பொருள் இல்லை. மருந்தும் விற்றது. டாக்டர் சீட்டு வேண்டாம், பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போகலாம். எது மருந்து, எது வெறும் மாவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பல நேரம் விற்கிறவருக்கும் தெரியாது. 2007இல் நாஃப்டாக் என்ற அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துச் சந்தையையே இழுத்து மூடியது. அப்போது அதன் தலைவராக இருந்த டோரா அகுன்யிலி மருந்தியல் பேராசிரியை. 1988இல் போலி இன்சுலினுக்குத் தங்கையைப் பறிகொடுத்தவர். அந்தக் கோபம் அவருடைய நடவடிக்கைகளில் கடைசிவரை தெரிந்தது.

அதே ஊரில், ரெஜினா பாசிஸ் என்ற பெண்கள் பள்ளியில் படித்த ஐந்து மாணவிகள், 2018 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சிலிக்கன் பள்ளத்தாக்கில் மேடை ஏறினார்கள். டெக்னோவேஷன் என்ற உலகப் போட்டியின் சிறுமியர் பிரிவில் அவர்களுக்குத் தங்கம். அமெரிக்கா, சீனா, ஸ்பெயின் அணிகளெல்லாம் பின்னால் நின்றன. அவர்கள் செய்தது போலி மருந்தைக் கண்டுபிடிக்க ஒரு செயலி. மருந்துப் பெட்டியின் பார்கோடைக் கைபேசியில் காட்டினால், அது நிஜமா, காலாவதி ஆனதா என்று சொல்லும். ஊரின் வியாதியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஊருக்கு மருந்து தேடியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி செயலியைப் பதின்மூன்று, பதினான்கு வயதில் எப்படிச் செய்கிறார்கள்? அந்தப் போட்டியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஆப் இன்வென்டர் என்ற மென்பொருள். எம்.ஐ.டி. தருவது, இலவசம். திரையில் வண்ண வண்ணத் துண்டுகள் கிடக்கும். ‘இந்தப் பொத்தானை அழுத்தும்போது’ என்று ஒரு துண்டு, திறந்த வாயோடு. அந்த வாய்க்குள் ‘பார்கோடைப் படி’ என்கிற துண்டை இழுத்துவந்து வைத்தால் கவ்விக்கொள்ளும். பொருந்தாததை வைத்தால் கவ்வாது. அரைப்புள்ளி விட்டுப்போச்சு, அடைப்புக்குறி விட்டுப்போச்சு என்ற தொல்லையெல்லாம் இல்லை. செய்ததை அடுத்த நிமிடமே போனில் போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை தன் கையில் இருக்கும் போன் தான் சொன்னதைக் கேட்கும்போது ஒரு சிறுமிக்கு என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் சைக்கிள் நிமிர்ந்து ஓடிய நாளை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்தச் செயலியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிள்ளைகளின் குற்றம் இல்லை, பார்கோடின் குணம் அது. ஒரு மருந்தின் பார்கோடு அதன் லட்சம் பெட்டிக்கும் ஒன்றேதான். போலி அடிப்பவன் பெட்டியை அச்சடிக்கும்போது பார்கோடையும் சேர்த்துத்தான் அச்சடிப்பான். இதற்கு வேறொரு வழியை ஆப்பிரிக்காவிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். கானாவின் பிரைட் சைமன்ஸ் தொடங்கிய எம்பெடிக்ரீ நிறுவனமும், பின்னர் வந்த ஸ்ப்ராக்ஸில் நிறுவனமும் மருந்து அட்டையில் சுரண்டிப் பார்க்கும் எண் வைத்தன. நம் ஊர் ரீசார்ஜ் கார்டுபோல. ஒவ்வோர் அட்டைக்கும் தனி எண். அதைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் ‘நிஜம்’ அல்லது ‘போலி’ என்று பதில் வரும். ஒருமுறை கேட்ட எண்ணை மறுமுறை கேட்டால் சந்தேகம் கிளம்பும். நைஜீரியாவில் 2010இல் நாஃப்டாக்கே இந்த முறையைக் கொண்டுவந்தது. முக்கியமான விஷயம், குறுஞ்செய்தி வாங்குகிறவருக்கு இலவசம். காசு கொடுப்பது மருந்துக் கம்பெனி. போலி ஓடினால் கம்பெனிக்குத்தான் நஷ்டம், ஆகவே கொடுக்கிறது.

ஒன்று கோப்பை வாங்கியது, இன்னொன்று ஓடுகிறது. நடுவில் இருக்கும் வித்தியாசம் மூளையில் இல்லை. கோப்பைக்கு அடுத்த வருடம் யார் காசு கொடுப்பது என்கிற கேள்வியில் இருக்கிறது. இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்வியைத்தான் சுற்றப்போகிறது. சமூகத் தொழில்முனைவு என்ற கனமான சொல்லுக்குள் இருப்பதும் அதுதான்: ஒரு நல்ல காரியம் அடுத்த வருடமும் நடக்க, அதற்குள்ளேயே ஒரு வரும்படியைக் கட்டிவைப்பது.

கேள்விக்குள் போகும் முன் ஒரு தப்பபிப்பிராயத்தைத் தள்ளிவைத்துவிடலாம். ஆப்பிரிக்கப் பெண்கள் அறிவியலுக்குப் புதிதாக வருகிறார்கள், யாரோ கைப்பிடித்து அழைத்துவர வேண்டும் என்கிற தொனியில் பல கட்டுரைகள் எழுதப்படுகின்றன. யுனெஸ்கோவின் கணக்குப்படி சகாராவுக்குத் தெற்கே ஆராய்ச்சியாளர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பெண்கள். உலகச் சராசரியும் சற்றேறக்குறைய அதுதான். இந்தியாவின் விகிதம் அதற்கும் கீழே. ஒனிச்சா இருக்கும் அதே அனம்ப்ரா மாநிலத்தில் பிறந்த ஃபிரான்சிஸ்கா ஒகேகே, பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே வானத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்ந்து 2013இல் லோரியல்–யுனெஸ்கோ விருது வாங்கினார். அந்தக் காந்த நடுக்கோடு நைஜீரியாவைக் கடந்து கிழக்கே வந்து நம் தென்கோடி வழியாகவும் போகிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருப்பதே அதை அளக்கத்தான். ஒரே ஆற்றின் இரண்டு படித்துறைகள் மாதிரி.

திறமை இருக்கிறது. அதை வைத்துக் கூத்தாடுவதும் நடக்கிறது.

2012 நவம்பரில் லாகோஸில் மேக்கர் ஃபேர் ஆஃப்ரிக்கா என்ற கண்காட்சி. பதினான்கு, பதினைந்து வயதில் நான்கு மாணவிகள் ஒரு மேசையில் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு லிட்டர் சிறுநீர், ஆறு மணி நேர மின்சாரம் என்று எழுதியிருந்தது. படம் உலகம் சுற்றியது. ‘சிறுநீரில் ஓடும் ஜெனரேட்டர்’ என்று எத்தனையோ மொழிகளில் தலைப்பு. அவர்கள் செய்தது என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சிறுநீர் ஒரு மின்பகுப்புக் கலத்துக்குள் போகிறது. அங்கே மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரிக்கிறார்கள். வாயு தண்ணீர் வடிகட்டி வழியாகச் சுத்தமாகி ஒரு சிலிண்டருக்கு வருகிறது. அங்கிருந்து போராக்ஸ் கரைசல் உள்ள இன்னொரு சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. அது ஈரத்தை உறிஞ்சிவிடும். உலர்ந்த ஹைட்ரஜன் ஜெனரேட்டருக்குப் போகிறது. ஒவ்வொரு படியும் சரி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அருமையான செய்முறை. ஆனால் முதல் கலத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? பிரிக்கச் செலவாகும் மின்சாரம், கடைசியில் கிடைக்கும் மின்சாரத்தைவிட அதிகம். கணக்கு உதைக்கிறது. இதை அப்போதே பல பொறியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள், ஆனால் அதைப் படித்தவர்கள் குறைவு.

நான்கு பிள்ளைகளையும் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘முதல் கலத்துக்கு மின்சாரம் ஏது?’ என்று அன்போடு கேட்கும் ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த நால்வரும் ஆற்றல் அழியா விதியை வாழ்நாளுக்கும் மறக்காமல் கற்றிருப்பார்கள். உலகப் பத்திரிகைகள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆப்பிரிக்கச் சிறுமி, சிறுநீர், அதிசயம். அது போதும் என்று விட்டுவிட்டார்கள். கைதட்டலில்கூட ஓர் இளக்காரம் உண்டு.

அந்த ஆசிரியர்தான் பல நாடுகளில் பற்றாக்குறை. இதில் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1970களிலும் 80களிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் கணக்கும் இயற்பியலும் சொல்லித்தரப் போன ஆசிரியர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் நிறைய. அவையில் சிலருக்குப் பெரியப்பாவோ மாமாவோ அப்படிப் போயிருக்கக்கூடும். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் திரும்பிவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்களே ஆசிரியராக நிற்பதுதான் இப்போதைய கதை.

கானாவின் தலைநகர் அக்ராவில் ரெஜினா ஹோனு. அஷேசி பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவர். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பேட்ரிக் அவுவா 2002இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ரெஜினா வங்கியில் நல்ல வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு 2012இல் சொரொன்கோ சொல்யூஷன்ஸ் என்று ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். சொரொன்கோ என்றால் அவர்களுடைய ட்வி மொழியில் ‘தனித்தன்மை’ என்று பொருள். கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் மென்பொருள் செய்து கொடுத்துச் சம்பாதிப்பது ஒரு கை. ‘டெக் நீட்ஸ் கேர்ள்ஸ்’ என்ற பெயரில் பெண்பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தருவது மறு கை. அக்ராவின் நெரிசலான குடியிருப்பான நிமாவிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் கணினியும் பொறியியலும் படிக்கும் இளம் பெண்கள். இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அங்கேதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுவதைப் பார்ப்பது ஒரு பாடம். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத பாடம்.

லாகோஸில் அபிசோயே அஜாயி-அகின்ஃபொலாரின் என்பவரும் கிட்டத்தட்ட அதே தடத்தில் வந்தவர். ஏழு வருடம் மென்பொருள் துறையில் வேலை, பிறகு ராஜினாமா, பேர்ல்ஸ் ஆஃப்ரிக்கா என்ற அமைப்பு, அதன் கீழே ‘கேர்ள்ஸ்கோடிங்’ வகுப்புகள். 2018இல் சி.என்.என். தன் நாயகர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அவருடைய பிள்ளைகளில் பலர் மகோகோவிலிருந்து வருகிறவர்கள். லாகோஸ் காயலில் தண்ணீருக்கு நடுவே மரக்கால் ஊன்றிக் கட்டிய குடிசைகளின் ஊர் அது. பக்கத்து வீட்டுக்குப் போக ஓடம் வேண்டும். அங்கே மீன்தான் பிழைப்பு, வலை அப்பாவுடையது என்றால் புகை போட்டு உலர்த்தி விற்பது அம்மா. அந்த வகுப்பில் படித்த ஒரு பெண் செய்த முதல் பெரிய காரியம், மகோகோ மீனவர்கள் இடைத்தரகர் இல்லாமல் வாடிக்கையாளரிடம் நேரே மீன் விற்க ஓர் இணையதளம். பெயர் ‘மகோகோ ஃப்ரெஷ்’. மீன் வாடை அடிக்கும் வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு எதைக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட வகுப்புகளின் நித்தியக் கவலை ஒன்று உண்டு. லாகோஸில் மின்சாரம் போய்விட்டு வந்தால் தெருவே ‘அப் நெப்பா’ என்று ஒரே குரலில் கூவும். நெப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர், வாரியம் போயும் கூவல் போகவில்லை. சகாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரமே இல்லை. இருக்கிற இடத்திலும் அது விருந்தாளி மாதிரி வந்துபோகிறது. லேப்டாப் கொடுக்க நன்கொடையாளர் வருவார், பெயர் ஒட்டி ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டருக்கு டீசல் போட, பிள்ளைகளின் பஸ் கட்டணம் கொடுக்க, மதியச் சோறு போட ஆள் வருவது கஷ்டம். கென்யாவின் நைரோபியில் ஜூடித் ஒவிகார், ஏஞ்சலா ஒடுவோர் லுங்காட்டி, லிண்டா கமாவ் உள்ளிட்ட தோழிகள் 2010இல் தொடங்கிய அகிராசிக்ஸ் இதை அனுபவத்தில் கண்டுகொண்டது. சேரிப் பெண்களுக்குக் கோடிங் வகுப்பு என்று ஆரம்பித்தது, போகப்போக இடம், சாப்பாடு, லேப்டாப் எல்லாம் சேர்த்த ஓராண்டு விடுதிப் படிப்பாக மாறியது. காரணம் எளிது. தண்ணீர் சுமந்து, தம்பியைத் தூக்கி, அடுப்பு ஊதிவிட்டு வருகிற பெண்ணுக்கு மூளை இருக்கிறது, மாலை ஆறு மணிக்குமேல் நேரம் இல்லை.

நேரத்தைத் தின்னும் இன்னொரு விஷயத்தைச் சபையில் பேசக் கூச்சப்படுவோம். எத்தியோப்பியாவின் ஃப்ரேவெய்னி மெப்ராத்து கூச்சப்படவில்லை. முதல் மாதவிலக்கைச் சாபம் என்று நினைத்துப் பயந்த சிறுமி அவர். அமெரிக்கா போய் வேதிப் பொறியியல் படித்தார். துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நாப்கின் ஒன்றை வடிவமைத்து 2005இல் காப்புரிமை எடுத்தார். கடன் வாங்கி, 2009இல் வடக்கே மெக்கெல்லே நகரில் தொழிற்சாலை தொடங்கினார். வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள். 2019இல் சி.என்.என். அவரை அந்த ஆண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது. கோவை முருகானந்தத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. ஆனால் வியாபாரம் வேறு. முருகானந்தம் நாப்கின் செய்யும் இயந்திரத்தைப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்து அவர்களையே முதலாளி ஆக்கினார். ஃப்ரேவெய்னியின் நாப்கினில் பெரும்பகுதியை வாங்குவது தொண்டு நிறுவனங்கள்; அவை பள்ளிகளில் இலவசமாகக் கொடுக்கின்றன. பயன்படுத்துகிறவள் ஒருத்தி, காசு கொடுப்பது இன்னொருவர். தொண்டு நிறுவனத்தின் வரவு குறைந்தால் தையல் மெஷின் நிற்கும். அதைவிடப் பெரிய இடி 2020 நவம்பரில் இறங்கியது. டிக்ரே போர் மெக்கெல்லேயைச் சூழ்ந்தது, அந்தப் பகுதியின் பள்ளிகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. பள்ளியே இல்லாத ஊரில் வருகைப் பதிவு ஏது.

இந்த இடத்தில் உற்சாகத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போடுவது நல்லது. நாப்கின் கொடுத்தால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்வது மேடைக்கு அழகு. எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் இருவரும் நேபாளத்தில் மாதவிலக்குக் கிண்ணம் கொடுத்துச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள்: வருகையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆனால் துணி துவைக்கும் வேலை குறைந்தது. அதுவே போதுமான காரணம் என்று அந்தப் பிள்ளைகளின் பக்கம் நின்று சொல்லலாம். நாப்கினுக்கு வருகைப்பதிவேட்டில் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்?

சரி, ஒரு பிள்ளை ஏன் பள்ளியை விட்டு நிற்கிறாள்? 1991இல் ஆன் காட்டன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி இதே கேள்வியோடு ஜிம்பாப்வேயின் மோலா என்ற கிராமத்துக்குப் போனார். அந்த ஊர்க்காரர்கள் டோங்கா மக்கள். 1950களின் கடைசியில் ஜாம்பெசி நதியில் கரிபா அணை கட்டியபோது இரு கரையிலும் சேர்த்து சுமார் 57,000 டோங்கா மக்களை அப்புறப்படுத்தினார்கள். அணையின் மின்சாரம் சுரங்கங்களுக்குப் போனது. இடம் பெயர்ந்தவர்கள் விளக்கெண்ணெய் காலத்திலேயே நின்றார்கள். பெண்ணைப் படிக்கவைக்க இவர்களுக்கு விருப்பமில்லை, அது அவர்கள் கலாசாரம் என்றுதான் ஆன் காட்டனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கே அவர் பார்த்தது இரண்டு சகோதரிகளை. மோலாவில் பள்ளிக் கட்டணம் குறைவு என்பதற்காக நூறு கிலோமீட்டர் தூரம் நடந்து வந்தவர்கள். கலாசாரம் என்று சொன்னதன் அசல் பெயர் கட்டணம். இருக்கிற காசில் ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும், வேலை கிடைக்க வாய்ப்புள்ள பிள்ளை பையன். அவ்வளவுதான் கணக்கு.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, கேக் சுட்டு விற்றுப் பணம் சேர்த்து, 1993இல் 32 பெண்களைப் படிக்கவைத்தார். அதுதான் கேம்ஃபெட். ஆரம்பத்தில் படித்தவர்களில் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வாதான் இன்று அதன் தலைமைச் செயல் அலுவலர். சட்டப்படி அது அறக்கட்டளை, கம்பெனி இல்லை. ஆனால் அடுத்த வருடத்தின் காசு என்கிற கேள்விக்குக் கேம்ஃபெட் கண்ட பதில் பல கம்பெனிகளுக்குத் தோன்றாதது.

படித்து முடித்த பெண்கள் 1998இல் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்தார்கள். இன்று அதில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். பள்ளியை முடித்துக் கிராமத்திலேயே இருக்கும் அந்தப் பெண்களுக்குத் தொழில் தொடங்க முதல் வேண்டும். வங்கி கொடுக்காது, கொடுத்தாலும் வட்டி கட்டி மாளாது. கீவா என்ற இணையவழிக் கடன் அமைப்போடு சேர்ந்து கேம்ஃபெட் வட்டியில்லாக் கடன் ஏற்பாடு செய்தது. வட்டி இல்லை என்றா சொன்னோம்? இருக்கிறது, பணமாக இல்லை. கடன் வாங்கியவள் உள்ளூர்ப் பள்ளியில் வழிகாட்டியாகச் சேவை செய்ய வேண்டும். அதற்குச் ‘சமூக வட்டி’ என்று பெயர். கடனில் கோழி வளர்க்கலாம், தையல் கடை போடலாம், சோளம் விதைக்கலாம். முதலைத் தவணை தவணையாகத் திருப்ப வேண்டும். வாராவாரம் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். விவசாயத்தில் இறங்கியவர்களில் சிலர் மூடாக்கு, சொட்டுநீர், பயிர் மாற்று என்று கற்றதைப் பக்கத்து வயல்காரர்களுக்கும் சொல்லித்தருகிறார்கள். மண்ணின் ஈரத்தை அளந்து பேசுகிற பெண்ணை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் செய்வது அறிவியல்தான்.

எந்த ஏற்பாடும் எட்டாத இடங்கள் இருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைப் போகோ ஹராம் தீவிரவாத அமைப்பு கடத்தியபோது, பாதுகாப்பில்லை என்று மூடியிருந்த பள்ளியை அவர்களுக்காகத் திறந்திருந்தார்கள். இறுதித் தேர்வு எழுத வந்தவர்கள், அவர்களுக்கு முன்னால் இருந்தது இயற்பியல் தேர்வு. தான்சானியாவில் 2017இல் அன்றைய அதிபர் மகுஃபுலி, கர்ப்பமான மாணவி மறுபடி பள்ளிக்கு வர முடியாது என்று மேடையிலேயே அறிவித்தார். 2021 நவம்பரில்தான் அரசு அதைக் கைவிட்டது. சியரா லியோனில் அதே மாதிரித் தடை 2020 மார்ச்சில் நீங்கியது. கோடிங் வகுப்பும் நாப்கினும் கடனும் இந்த வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. வாசலைத் திறக்க வேண்டியது அரசு.

வாசல் திறந்த பிறகும் பிள்ளை தானாக உள்ளே வந்துவிட மாட்டாள். கைக்குழந்தை, ஊர் வாய், மறந்துபோன அல்ஜீப்ரா, சின்னதாகிவிட்ட சீருடை. தான்சானியாவிலும் கேம்ஃபெட்டின் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து வெறுமை விழுந்தால், அந்த வீட்டைத் தேடிப் போவது அவர்கள் வேலைகளில் ஒன்று. போகிறவளுக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். அதே ஊர், அதே பள்ளி, ஒரு காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் அதே பெஞ்சிலிருந்து எழுந்து போனவள். வாசலில் உட்கார்ந்து முதலில் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசுகிறாள். கோழி விலை, மழை, யார் வீட்டில் என்ன விசேஷம். பிறகுதான் பள்ளிப் பேச்சை எடுக்கிறாள். சில வீடுகளில் இரண்டாவது தடவை போக வேண்டியிருக்கிறது, சில வீடுகளில் நான்காவது தடவை. வாங்கிய கடனுக்கு அவள் கட்டும் வட்டி இது.